விதையை மறைத்துவிட்டு அளந்தீர்களா?

மகனே,

நீ கேட்ட அந்த மன்னிப்பு மின்னஞ்சலை நான் அனுப்பப் போவதில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அவசரக்காரன், எதை வாசித்தாலும் கடைசிப் பக்கத்துக்கு ஓடி முடிவைப் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதை விட்டுவிடுவாய். முடிவைப் பார்த்துக்கொண்டாய் அல்லவா, இனி நடுவில் இருப்பதை ஆறுதலாக வாசி. தொலைபேசியில் இதைச் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்ததும் நீ "அம்மா, பிளீஸ்" என்பாய், நான் கத்துவேன், உன் அப்பா சமையலை விட்டுவிட்டுக் குசினிக்குள்ளிருந்து ஓடி வந்து தொலைபேசியைப் பறித்து "சாப்பிட்டியா?" என்று கேட்பார், கதை அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. வாசித்து முடித்ததும் உன் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடு. அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். மெல்பனில் எந்த விழா என்றாலும் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு அரை மணித்தியாலம் செந்தமிழில் முழங்குகிறவர், இதையும் ஒருக்கால் வாசிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன கேட்டாய் என்பதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், உன் காதிலும் விழட்டும். ஐரோப்பாவில் ஒரு பெரிய லேசர் ஆய்வுகூடத்தில் உனக்கு வேலை சரிவரும்போல் இருக்கிறது. அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்காகப் புற ஊதா லேசர் கட்டுகிறவர்கள். உன் பேராசிரியரின் பரிந்துரைக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் எழுதித் தருவார், மிக நன்றாக எழுதித் தருவார், ஆனால் அதற்கு முன்னால் உன் அம்மா அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும். சிட்னி மாநாட்டில் நான் கேட்ட கேள்வி சொந்தக் கசப்பில் கேட்டது, அதற்கு அறிவியல் அடிப்படை ஒன்றும் இல்லை, வருந்துகிறேன் என்று. "ஒரு சின்ன ஈமெயில்தானே அம்மா. எனக்காக. அனுப்பிப்போட்டு மறந்துவிடுங்கோ" என்றாய். பிறகு மூக்கை உறிஞ்சினாய். உனக்குச் சளித் தடிமனா, அழுதாயா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒருவேளை அந்த நிமிடமே இளகியிருப்பேன், நல்லகாலம் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் மெல்பன் கிளேட்டனில், இப்போது நீ இருக்கிற ஆய்வுகூடத்துக்குள் நான் முதன்முதல் நுழைந்தபோது அங்கே லேசர் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒரு நீண்ட மேசை, புளோரின் வாயுவுக்கு எச்சரிக்கைப் பலகை, ஒரு கதிரையில் உன் பேராசிரியர். "தங்கச்சி, இதை நீர்தான் கட்டி எழுப்பவேணும். ஆக்களைப் பிடிக்கிறது, அலுவல் பாக்கிறது எல்லாம் நான். மூளை உம்மட" என்றார். முனைவர் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தவளுக்கு அந்தப் பேச்சு எப்படி இனித்திருக்கும் என்று யோசித்துப் பார். நானும் அவரை "அண்ணை, அண்ணை" என்று சுற்றினேன். அந்த வருடத்து மே மாதம் உனக்கு நினைவிருக்கும். போரின் கடைசி நாட்கள், வன்னியில் இருந்த என் அண்ணாவிடமிருந்து செய்தி நின்றுபோன கிழமை. நகரத்துக்குள் ஊர்வலத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, அங்கிருந்தே ரயிலேறிக் கிளேட்டனுக்குப் போய் லேசரின் வாயுத் தொட்டியில் அழுத்தத்தைப் பார்த்தேன். புளோரின் நிரப்பி வைத்த தொட்டி நம் துக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காது, கவனிக்காவிட்டால் கசியும். அப்படித்தான் அந்த லேசர் எழும்பியது.

உனக்கே எக்சைமர் லேசரை விளக்கப் பார்க்கிறேனே என்று சிரிக்காதே. அனுப்புவதற்கு முன் அப்பாவும் இதை வாசிக்கப் போகிறார். பஸ் ஓட்டுகிற மனுசனுக்கு நான் எதற்காக இப்படிக் கொதிக்கிறேன் என்று விளங்க வேண்டும். கிரிப்டன், புளோரின், கூடவே நியோன். இந்தக் கலவைக்குள் உயர் மின்னழுத்தத்தை ஒரே அடியாக இறக்கினால், கண் சிமிட்டுவதற்கும் எத்தனையோ மடங்கு குறைந்த நேரத்துக்கு அந்த வாயு ஒளியைக் கொடுக்கத் தயாராக நிற்கும். அந்த நேரத்துக்குள் வெளியிலிருந்து மெலிந்த, மிகக் குறுகிய ஒரு புற ஊதாத் துடிப்பை உள்ளே அனுப்ப வேண்டும். அதைத்தான் விதை என்கிறோம். நேரம் சரியாக அமைந்தால் வாயு வைத்திருப்பதையெல்லாம் அது வாரிக்கொண்டு, குறுகியது குறுகியபடியே பலமாக வெளியே வரும். நேரம் தவறினால் வாயு தன்பாட்டில் ஒளியைச் சிந்திவிடும். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருக்கிறது, நான் சிந்தல் என்றுதான் சொல்வேன். சிந்தல் நீண்டு இழுபடும், நமக்கு எதற்கும் உதவாது. அது இலக்கில் முன்கூட்டியே போய் விழுந்து அதைக் கெடுத்துவைக்கும், பின்னால் வருகிற நல்ல துடிப்புக்கு அங்கே வேலை இருக்காது. கொடுமை என்னவென்றால், ஆற்றலை அளக்கிற மானிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விழுந்ததை எல்லாம் கூட்டிக் காட்டும். சிந்தல் கூடினால் எண்ணும் கூடும், எண் கூடினால் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்குச் சந்தோஷமும் புளுகமும் கூடும். இந்த வேலையில் இருக்கிறவர்கள் கால் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

அதனால் அங்கே நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் முதல் அடியை, விதையின் பாதையில் ஒரு கறுப்பு அட்டையை வைத்து மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அப்போது மானியில் வருவது முழுக்கச் சிந்தல். அதைப் பார்த்த பிறகுதான் விதையைத் திறக்கலாம். விதை இல்லாத நேரத்தில் சிந்தல் கொஞ்சம் கூடத்தான் செய்யும், அது எனக்கும் தெரியும், உன் பேராசிரியர் அதைச் சாட்டாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அதற்காகத்தான் தூரத்தில் ஒரு சின்னத் துளையை வைத்து இன்னொரு தரம் அளக்கிறது. நல்ல துடிப்பு துளைக்குள்ளால் போய்விடும், சிந்தல் பரந்துபோய் வெளியே நிற்கும். அவருக்கு இந்த வழக்கம் கண்ணிலும் காட்டக் கூடாது. "தங்கச்சி, சாமான் வேலை செய்யிறதை அளக்கச் சொன்னால் நீர் வேலை செய்யாததை அளந்துகொண்டு நிக்கிறீர்" என்று எல்லோருக்கும் முன்னால் பகிடி விடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

ஒருநாள் அரசாங்கத்துப் பெரிய ஆட்கள் சிலர் பார்வையிட வந்தார்கள். மின்வாயை மாற்றுவதற்காகத் தொட்டியைத் திறந்து வைத்திருந்த நேரம். திறந்த தொட்டியை மூடினால் உடனே வேலைக்கு எடுக்க முடியாது, புளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, எடுத்து, திரும்பக் கொடுத்து உட்சுவரைப் பழக்க வேண்டும். ஒரு விரல் பட்ட எண்ணெய் போதும், வாயு கெதியாகக் கெட்டுவிடும். உன் பேராசிரியர் கழுத்துப்பட்டியும் கோட்டுமாக வந்து, வெறுங்கையால் அந்த மின்வாயைத் தடவிக்கொண்டு கமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "அண்ணை, கையுறை!" என்று நான் கத்தினேன். "ஒண்டும் செய்யாது, விடும்" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களிடம் ஆங்கிலத்தில் இணைவு ஆராய்ச்சியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர்கள் போன பிறகு நான் அந்த மின்வாயைக் கழற்றித் துடைத்து, மூடி, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். நீ அந்த வாரம் வீட்டில் நூடில்ஸ் சாப்பிட்டே காலத்தைத் தள்ளினாய். அந்தப் படம் இன்னும் உங்கள் ஆய்வுகூடத்து நடைபாதையில் தொங்குகிறது அல்லவா? அதைக் கடக்கும்போது அவருடைய கையைப் பார்.

பிறகு நடந்ததை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். துடிப்பைத் தொட்டிக்குள் சற்றுச் சாய்வாக அனுப்பி, கண்ணாடியால் திருப்பி, வாயு மறுபடி நிரம்புகிற நேரம் பார்த்து இரண்டாம் தரம் அதற்குள்ளாலேயே அனுப்புகிற அமைப்பு நான் யோசித்தது. நான் வரைந்தது, நான் பூட்டியது. அது வேலை செய்யத் தொடங்கிய சில மாதங்களில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி, நிதி முடிஞ்சுது. என்ர கையில ஒண்டும் இல்லை. எனக்கும் மனவருத்தமாத்தான் கிடக்கு" என்றார். கண்ணைக்கூடத் துடைத்தார், நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன், பார்த்துக்கொள். அடுத்த மாதமே என் மேசையில் வேறொரு ஆள். அதற்குப் பிறகு ஆய்விதழில் கட்டுரை வந்தது. சாய்வான பாதை, கண்ணாடி, இரண்டாம் தரம், எல்லாம் இருந்தது, என் பெயரைத் தவிர. கடைசிப் பந்தியில் ஆய்வுகூட ஊழியர்களுக்குப் பொதுவாக ஒரு நன்றி. கோயில் விழா மலரில் பந்தல் போட்டவர்களுக்குப் போடுகிற மாதிரி. நாங்கள் சிட்னிக்கு மாறியது அதனால்தான். இன்று நான் கண் அறுவைச் சிகிச்சை நிலையங்களின் லேசர்களைப் பராமரிக்கிறேன். அதுவும் எக்சைமர்தான், கிரிப்டனுக்குப் பதில் ஆர்கன், கண்ணின் மேற்படலத்தை மெல்லியதாகச் சீவுகிறது. நல்ல வேலை. பரமட்டாவில் ஒரு நிலையத்தில் என்னைக் கண்டால் டொக்டர்மார் எழுந்து கதிரை தருகிறார்கள். ஆனால் நான் இணைவு ஆராய்ச்சிக்காகப் படித்தவள், அந்தத் தொட்டியை நான்தான் கட்டினேன். அதை என்னிடமிருந்து பிடுங்கியவனை நான் மன்னிக்க மாட்டேன்.

நீ படிப்புக்காகக் கிளேட்டனிலேயே நின்றாய். பட்டம் முடித்து, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, நான் நண்டுக் கறியைப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தியைச் சொன்னாய். ஆராய்ச்சிக்கு அவரிடம்தான் சேர்ந்திருக்கிறேன் என்று. "டோன்ட் பி மேட், அம்மா. நாட்டிலேயே இந்த லேசர் அங்கதான் இருக்கு" என்றாய். அது யாருடைய லேசர் என்று நான் கேட்கவில்லை. கோப்பையைத் தூக்கி அடிக்கவும் இல்லை. அடித்திருக்க வேண்டும். உன் அப்பா என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், "இஞ்சாரும், அது பிள்ளையின்ர படிப்பு. உம்மட சண்டையை அவன்ர தலையில சுமத்தாதையும்" என்றார். நான் திரும்பி வந்து உனக்கு இன்னும் ஒரு நண்டுக் காலைப் போட்டேன். உனக்குத் தகுதி இல்லை என்று சொல்லவில்லை. உன் கை என் கையைவிடச் சுத்தம். ஆனால் எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்பித்த இடத்தில் அவர் உன்னை ஏன் எடுத்தார் என்று நீ ஒருநாளாவது யோசித்தாயா? நான் என்றைக்காவது அவரைத் தேடி வருவேன் என்று அவருக்குத் தெரியும். வரும்போது முன்னால் பிடிப்பதற்கு அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

சிட்னி மாநாட்டுக்கு என்னை அனுப்பியது நான் வேலை செய்கிற நிறுவனம். அவர் பேசப் போகிறார் என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். சேலையா, காற்சட்டையா என்று காலையில் யோசித்து, சேலையே கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அவர் பேசினார். என் தொட்டி, என் கண்ணாடிகள். கடைசியில் வெளியே வந்த துடிப்பின் ஆற்றல் என்று ஒரு எண்ணைத் திரையில் போட்டார். மண்டபம் கை தட்டியது. அந்தத் தொட்டியில் ஒளி வெளியே வருகிற ஜன்னலை அளவெடுத்துச் செய்வித்தவள் நான். அந்தப் பரப்பிலிருந்து ஒரு குறுகிய துடிப்பு எவ்வளவை வாரிக்கொண்டு வர முடியும் என்பதற்கு இயற்கை ஒரு எல்லை வைத்திருக்கிறது. திரையில் இருந்த எண் அந்த எல்லையைத் தாண்டி எங்கேயோ நின்றது. பார்த்த கணமே எனக்கு விளங்கிவிட்டது: மனுசன் சிந்தலையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறார். கறுப்பு அட்டையைக் கைவிட்டுவிட்டார். ஆண்டவன் அவரைத் தட்டில் வைத்து எனக்குத் தந்திருக்கிறான் என்று நினைத்தேன். கையை உயர்த்தினேன், ஒலிவாங்கி வந்தது, கேட்டேன்: "விதையை மறைத்துவிட்டு அளந்தீர்களா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் செத்தது, அதை நான் கண்டேன், அது எனக்குப் போதும் என்று அந்த நொடியில் நினைத்தேன். ஆனால் மனுசன் பழம் தின்று கொட்டை போட்டவர். சிரித்தார். அளவீடுகளை எடுத்தது என் மாணவர், அவர் இங்கேதான் இருக்கிறார், அவரே பதில் சொல்லட்டும் என்றார். பிறகு, "கேள்வி கேட்ட அம்மையாரை அவருக்கு மிக நன்றாகத் தெரியும், அவருடைய தாயார்" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் நீ எழுந்தாய். நீ அந்த மண்டபத்தில் இருக்கிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கோட்டின் பொத்தானைப் பூட்டினாய். அவரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "யெஸ், வீ டிட். இட் வாஸ் நெக்லிஜிபிள்" என்றாய். அளந்தோம், பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்று. ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. எவ்வளவு என்று ஒரே ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், நீ அங்கேயே திக்கித் திணறியிருப்பாய், அவர் கதை முடிந்திருக்கும். நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் தோற்றது அன்றைக்குத்தான், அதுவும் உன்னை வைத்து என்னைத் தோற்கடித்தார்.

மாநாடு முடிந்து சென்ட்ரல் ஸ்டேசன் வரைக்கும் நீ என் பின்னால் வந்தாய். பரமட்டா ரயில் வரும் வரைக்கும் பேசினோம், மறந்திருக்க மாட்டாய்.

"அம்மா, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீ மறைச்சுப் பாத்தனியா?"

"அம்மா…"

"மறைச்சுப் பாத்தனியா, இல்லையா?"

"இல்லை. நான் அவரிட்டக் கேட்டனான். நேரமில்லை, முதல்ல பேப்பர் போகட்டும், பிறகு பாப்பம் எண்டவர்."

"அப்ப ஏன் ஓமெண்டனி?"

"வேற என்ன சொல்லச் சொல்லுறீங்கள்? முழு ஹோலும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. அவர் எனக்கு அங்கிள் மாதிரி. பெரியாக்களைச் சபையில வைச்சு அவமானப்படுத்தக் கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்?"

ஓம், நான்தான் சொல்லித் தந்தேன். கலியாண வீடுகளிலும் கோயிலிலும் உன் கையைப் பிடித்துச் சொல்லித் தந்தேன். சபையில் வைத்து உன்னையே தூக்கிக் கொடுக்கிற பெரியவருக்கு இது செல்லாது என்று சொல்லித் தர எனக்குத் தோன்றவில்லை, நம் ஆட்களில் அப்படியும் ஒருவர் இருப்பார் என்று நான் கண்டேனா? ரயில் வந்தது. அன்றைக்கு வீட்டில் தங்குவதாக எனக்குத் தெரியாமல் அப்பாவிடம் சொல்லியிருந்தாய், உனக்காக அப்பா மீன் வாங்கி வைத்திருந்தார். "நான் லாப் ஆக்களோட போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ எடுத்த முதல் அழைப்பு போன ஞாயிற்றுக்கிழமை வந்ததுதான்.

அழைப்பு முடிந்த கையோடு நீ ஒரு வரைவையும் அனுப்பியிருந்தாய். நான் சிரமப்படக் கூடாது என்று அவரே எழுதிக் கொடுத்த மன்னிப்பு. நான் உணர்ச்சிவசப்பட்டிருந்தேனாம். பழைய வேலை போன துயரத்தில் நிதானம் இழந்திருந்தேனாம். அவருடைய பெருந்தன்மைக்கு நன்றி சொல்கிறேனாம். எல்லாவற்றுக்கும் கீழே என் முழுப்பெயர், முன்னால் டொக்டர் பட்டத்தோடு, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அதைப் பார்த்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். கட்டுரையில் என் பெயரை எழுத வராத மனுசனுக்கு மன்னிப்பில் எவ்வளவு வடிவாக எழுத வருகிறது! இப்போது ஏன் அவருக்கு இது தேவைப்படுகிறது என்று யோசித்தாயா? பெருந்தன்மைக்கு எழுத்தில் சான்று எதற்கு? உன்னை எடுக்கப் போகிற ஆய்வுகூடத்தில் யாரோ அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் கேட்கத்தான் வேண்டும். அவருக்கு இப்போது காட்டுவதற்கு ஒரு கடதாசி வேண்டும்: பாருங்கள், கேட்டது ஒரு பைத்தியக்காரி, அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள்.

நான் உண்மைக்காக நிற்கிறேன், அறிவியலுக்காக நிற்கிறேன் என்றெல்லாம் உனக்குப் பூச்சுப் பூச மாட்டேன். நான் பழி வாங்கத்தான் நிற்கிறேன். அவர் முகம் மறுபடி அந்த ஒரு நொடிபோல ஆக வேண்டும், இந்த முறை சிரிப்பு வந்து அதை மூடக் கூடாது. விளக்கேற்றக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். இதைக் கெட்ட எண்ணம் என்று நீ சொல்வாய், சொல்லு, கெட்ட எண்ணம்தான். ஆனால் என் எண்ணம் கெட்டது என்பதால் அவருடைய எண் சரியாகிவிடாது, அதையும் சேர்த்து யோசி. அவருடைய பரிந்துரையோடு நீ ஐரோப்பாவுக்குப் போகிறாய் என்று வை. அங்கே போய் இறங்கி, உன் லேசரைப் பற்றிப் பேசுகிற முதல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதே கேள்வியைக் கேட்பார். அவர் உன் அம்மாவாக இருக்க மாட்டார். நன்றி சொல்லிவிட்டு உட்காரவும் மாட்டார். உன் பேராசிரியர் மெல்பனில் இருந்துகொண்டு, அளவீடுகளை எடுத்தது என் மாணவர் என்று மறுபடியும் சொல்வார். ஏற்கெனவே ஒருதரம் சொல்லிப் பழகிவிட்டார்.

ஆகவே நான் செய்தது இது. மாநாட்டில் காட்டிய அந்த எண்ணோடு வந்த உங்கள் புதிய கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு ஒரு மறுப்புக் குறிப்பு எழுதி முடித்துவிட்டேன். ஜன்னலின் பரப்பு, இயற்கையின் எல்லை, செய்யாமல் விட்ட சோதனை, எல்லாம் அதில் இருக்கிறது. நீ ஸ்டேசனில் சொன்னது அதில் இல்லை. அது நீ உன் தாயிடம் சொன்னது. ஆனால் கட்டுரையில் அவருக்கு அடுத்த பெயர் உன்னுடையது, நான் அவருக்கு எறிகிற கல் உன் தலையிலும் படும். தெரியும். எனக்கு நித்திரை இல்லை என்று அப்பாவிடம் கேட்டால் சொல்வார். வருகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் அதை அனுப்ப மாட்டேன். அதற்குள் நீ அந்த லேசரை ஓட்டி, விதையை மறைத்துப் பார்த்து, துளையையும் வைத்துப் பார்த்து, வந்ததை உன் பெயரில் நீயே ஆய்விதழுக்கு எழுதலாம். அப்படி எழுதினால் பரிந்துரை கிடைக்காது, இந்த வேலை போகலாம், பட்டமும் இழுபடலாம். எழுதினாய் என்றால் என்னுடையதை அழித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் அது எனக்கு நட்டம். அவரை என் கையால் விழுத்த வேண்டும் என்று இவ்வளவு நாளும் காத்திருந்தவள் நான், நீ எழுதாமல் விட்டால் நல்லது என்று என் மனதில் பாதி கிடந்து துடிக்கிறது. அந்தப் பாதியைப் பற்றி உன்னிடம் வெட்கப்படவில்லை. ஆனாலும் உன் கையால் அது நடந்தால் பார்த்துக்கொண்டு நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். எதற்கும் இந்தக் கடிதத்தை அவருக்கு இன்றைக்கே காட்டு. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவருக்கும் நித்திரை வரக் கூடாது, அந்தச் சந்தோஷத்தை மட்டுமாவது எனக்கு விட்டு வை.

குறிப்பை அனுப்புவதற்கு முன் நிரப்ப வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. பெயர், தகுதி, முகவரி எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பினேன். கடைசியில், கட்டுரையின் ஆசிரியர்களோடு உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு எதுவும் உண்டா, இருந்தால் விளக்குக என்று கேட்டிருந்தார்கள். அந்த இடத்தில் நெடுநேரம் இருந்தேன். அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு எழுதினேன்: "முதல் ஆசிரியர் என் பகைவர். இரண்டாம் ஆசிரியர் என் மகன். ஆகவே என்னை நம்ப வேண்டாம். அளந்து பாருங்கள்."

அம்மா